புது வீடு வாங்குவோரும் விற்பனை வரியும்

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது தறியில் உழைப்பவருக்கும் ஏரில் உழைப்பவருக்கும் பொதுவான விருப்பம். பல ஆண்டுச் சேமிப்பையும் கடனையும் ஒன்று சேர்த்து அதை நிறைவேற்ற முற்படும் அங்கத்தினர், வீட்டின் விலையைப் பேசி முடிப்பதோடு நின்றுவிடுவதுண்டு. ஆனால் 40 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு புது வீட்டுக்கு வரி 40,000 ரூபாயாக இருக்கலாம். 2 லட்சமாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இவ்வேறுபாட்டின் காரணத்தை இங்கே விளக்க முற்படுகிறோம்.

வரி வந்த வழி

சங்கத்தின் நூலைப் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் தம் உழைப்பைத் தருகிறார். தாமே நூல் வாங்கி நெய்து சேலையை விற்பவர் பொருளை விற்கிறார். வீடு கட்டித் தருபவரோ செங்கல், சிமெண்டு, இரும்பு ஆகிய பொருள்களையும் தருகிறார், உழைப்பையும் தருகிறார், பல சமயம் நிலத்தையும் சேர்த்து விற்கிறார். இதில் எதன்மீது வரி விதிப்பது என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது.

சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொது விற்பனை வரி வந்தது. கட்டட ஒப்பந்தங்களில் சேரும் பொருள்களுக்கும் அவ்வரியை விதிக்க அரசு முற்பட்டது. சென்னை அரசுக்கும் கானன் டங்கர்லி கம்பெனிக்கும் இடையே நடந்த வழக்கில், 1958இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கட்டட ஒப்பந்தம் பிரிக்க இயலாத ஒன்று, அதனுள் பொருள் விற்பனை தனியே இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1982இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம் அத்தடையை நீக்கிற்று. 2010 முதல், கட்டி முடியாத வீடுகளுக்கு மத்திய அரசின் சேவை வரியும் சேர்ந்தது. இவ்விரண்டும் 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரியில் (ஜி.எஸ்.டி.) அடங்கின. இன்று புது வீட்டுக்கு உள்ள விற்பனை வரி இதுவே.

எப்போது உண்டு, எப்போது இல்லை

கட்டி முடிந்த வீட்டை விற்பது நிலத்தை விற்பது போன்றதே; அதற்கு இவ்வரி இல்லை. பழைய வீட்டுக்கும் வெறும் மனைக்கும் இல்லை. கட்டுமானம் நடக்கும்போதே வாங்கப்படும் வீட்டுக்கு மட்டுமே உண்டு.

எல்லைக்கோடு பணி நிறைவுச் சான்று. சான்று கிடைத்த பின்னரோ, அல்லது வீட்டில் முதலில் குடியேறிய பின்னரோ, இவ்விரண்டில் எது முந்தியதோ அதன் பிறகு முழுத்தொகையும் கொடுக்கப்பட்டிருந்தால் வரி இல்லை. 'முழுத்தொகையும்' என்ற சொல்லை அங்கத்தினர்கள் நன்கு கவனிக்க வேண்டும். சான்றுக்கு முன் ஒரு பகுதியையேனும் கொடுத்துவிட்டால் அவ்வீடு வரிக்கு உட்பட்டதாகிவிடும்.

முடிந்த வீட்டின் விலையில் வரியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. கட்டுபவர் சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுத்த வரி விலைக்குள் அடங்கியே இருக்கும். ஆகவே இரு வகை வீடுகளையும் ஒப்பிடுபவர், வரியும் சேர்ந்த மொத்தத் தொகைகளையே ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு வரி

2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விகிதங்கள் இரண்டு. சிக்கன வீட்டுக்கு 1 சதவீதம். ஏனைய வீடுகளுக்கு 5 சதவீதம். விலையில் மூன்றில் ஒரு பங்கை நிலத்துக்கெனக் கழித்த பின் மொத்த விலையின்மேல் விழும் அளவு இது.

சிக்கன வீடு எனப்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு. மொத்தத் தொகை 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. உட்பரப்பு சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டரும், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டரும் தாண்டலாகாது. வெளிச்சுவரும் பால்கனியும் உட்பரப்பில் சேரா. காஞ்சிபுரத்தில் 40 லட்சத்துக்கு 80 சதுர மீட்டர் வீடு வாங்குபவருக்கு வரி 40,000 ரூபாய். அதே விலைக்கு அதே அளவு வீட்டைச் சென்னையில் வாங்குபவருக்கு 2 லட்சம்.

மொத்தத் தொகை என்பதில் வண்டி நிறுத்துமிடம், வசதிக் கட்டணம், முகப்பு மனைக்கான கூடுதல் தொகை ஆகியனவும் அடங்கும். 44 லட்சம் என்று பேசிய சிக்கன வீட்டுக்கு வரி 44,000 ரூபாய். வண்டி நிறுத்த மேலும் 2 லட்சம் கேட்கப்பட்டால் தொகை 46 லட்சமாகி, வரி 2,30,000 ரூபாயாக உயர்ந்துவிடும்! நெசவுக் கூலியில் இவ்வேறுபாட்டைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சொந்த மனையில் கட்டுவோர்

நம் அங்கத்தினரில் பலர் சொந்த மனையிலேயே கட்டுகின்றனர். பொருள்களைத் தாமே வாங்கிக் கொடுத்துக் கொத்தனாருக்குக் கூலி மட்டும் தருவதாயின், தனி வீட்டுக்குரிய அக்கூலிக்கு வரி விலக்கு உண்டு. பொருளும் உழைப்பும் சேர்த்து, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டால், ஒப்பந்தத் தொகைக்கு 18 சதவீதம் வரி. பொருள்களை வாங்கும்போது அவற்றுக்குரிய வரி இரு வழியிலும் உண்டு. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது.

கவனிக்க வேண்டியவை

முன்பணம் கொடுக்குமுன் நான்கு காரியங்களைச் செய்துகொள்ளுதல் நலம். பேசிய விலை வரி உட்பட்டதா, நீங்கலாகவா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உட்பரப்பு எவ்வளவு என்பதும், பிற கட்டணங்கள் யாவை என்பதும் அதில் காண வேண்டும். பணி நிறைவுச் சான்று கிடைத்துவிட்டதாகச் சொன்னால் அதன் நகலையும் தேதியையும் பார்க்க வேண்டும். வரி கேட்பவரிடம் பதிவெண் உள்ள பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். பதிவு பெறாதவர் வரி வசூலிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேறு. அவை மாநில அரசைச் சேர்ந்தவை. விற்பனை வரி இல்லாத வீட்டுக்கும் அவற்றைச் செலுத்தியாக வேண்டும். கடன் மனு எழுதும்போதே இவையனைத்தையும் கூட்டிக் கணக்கிடும் அங்கத்தினருக்குப் பாதி வழியில் வட்டிக்குப் பணம் தேடும் அவசியம் நேராது.