பட்டறையில் படித்த பாடத்துக்கு மார்க் உண்டா?

கல்லூரி மாணவன் ஒருவன். பகலில் வகுப்பில் எந்திரத்தைப் பற்றிப் படிக்கிறான். மாலையில் மோட்டார் பட்டறையில் அதே எந்திரத்தைப் பிரித்து மாட்டுகிறான். பரீட்சையில் எதற்கு மார்க்? படித்ததற்கு மட்டும்தான்! பிரித்து மாட்டியதற்கு?

"அதற்கும் மார்க் வேண்டும்" என்கிறார்கள் சிலர். "கூடாது! படிப்பின் தரம் கெட்டுவிடும்" என்கிறார்கள் வேறு சிலர்.

இது இன்று நேற்று எழுந்த வழக்கு அல்ல.

ஒரு வாரம் வகுப்பு. ஒரு வாரம் வேலை

அமெரிக்காவில் சின்சினாட்டி என்று ஒரு நகரம். அங்குள்ள பல்கலைக் கழகத்தில் என்ஜினீயரிங் பேராசிரியராக இருந்தவர் ஹெர்மன் ஷ்னைடர். அவர் ஓர் உண்மையைக் கண்டார். கெட்டிக்கார என்ஜினீயர்கள் பலர், படிக்கும்போதே வேலை செய்தவர்கள்!

"வேலையையும் படிப்போடு சேர்ப்போம்" என்றார். நிர்வாகிகள் தயங்கினார்கள். தோற்றால் தாங்கள் பொறுப்பு அல்ல என்று சொல்லி, ஓர் ஆண்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள்.

1906-ம் ஆண்டு 27 மாணவர்கள் சேர்ந்தார்கள். ஒரு வாரம் வகுப்பு. மறு வாரம் தொழிற்சாலை. அங்கே சம்பளமும் உண்டு! திட்டம் தோற்கவில்லை. 100 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

நம் நாட்டில்...

1969-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி, 37 பல்கலைக் கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். கிராமத்தில் 7 நாள் முகாமும் உண்டு.

2023-ம் ஆண்டு மத்திய அரசு "கிரெடிட்" திட்டம் ஒன்றை வெளியிட்டது. கிரெடிட் என்றால் என்ன? பட்டம் பெறச் சேர்க்கும் புள்ளி. 30 மணி நேரம் கற்றால் 1 கிரெடிட். ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட். விளையாட்டு, சமூகத் தொண்டு, தொழில் அனுபவம் ஆகியவற்றில் கற்றதையும் சோதித்துப் பார்த்துக் கணக்கில் சேர்க்கலாம் என்கிறது இத்திட்டம்.

மணியை எண்ணினால் போதுமா?

120 மணி நேரத் தொண்டு என்றால் 4 கிரெடிட். கணக்கு சுலபம்! ஆனால், மண்வெட்டி பிடித்தவனுக்கும் மர நிழலில் தூங்கியவனுக்கும் ஒரே புள்ளியா? மாமாவின் கம்பெனியில் சான்றிதழ் வாங்கி வருகிறவனை என்ன செய்வது? "பயிற்சி" என்ற பெயரில், சம்பளம் இல்லாமல் வேலை வாங்கும் முதலாளிகளும் இருப்பார்களே!

இதற்கு வழி இருக்கிறது. செய்த நேரத்துக்கு மார்க் வேண்டாம். கற்ற பாடத்துக்குக் கொடுங்கள்! குளத்தில் தூர் வாரிய மாணவனை ஆசிரியர் கேட்கட்டும்: "வண்டல் எங்கிருந்து வந்தது? தண்ணீர் வரும் வழி எது? அது ஏன் அடைபட்டது?" பட்டறையில் வேலை செய்தவன் எந்திரத்தைப் பிரித்து மாட்டிக் காட்டட்டும். சரியாகச் செய்தால் மார்க். தவறினால் இல்லை.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம் அல்ல. குடும்பத்துக்காக உழைத்துக்கொண்டே படிக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வேலையா, படிப்பா என்ற நிலை வந்தால் அவன் விடுவது படிப்பைத்தான். தைத்துச் சம்பாதிக்கும் பெண்ணின் கதையும் அதுதான்.

அவர்கள் கையால் கற்றதும் கணக்கில் சேர்ந்தால், பாதியில் நிற்கும் படிப்பு பட்டத்தில் முடியும்!