காலி அறை

குதிரை விழுந்தது. ‘டக்’. அவ்வளவுதான், வெடிக்கவில்லை. ஆனால் வெடித்துவிட்டது போலவே துப்பாக்கியின் முனை சட்டென்று ஓர் அங்குலம் கீழே குனிந்து எழுந்தது. பக்கத்தில் நின்றவர் சிரிக்கவில்லை.

“பாத்தீங்களா தம்பி? துப்பாக்கி வெடிக்கல. நீங்கதான் வெடிச்சீங்க.”

அவர் செய்த தந்திரம் பழையது. ரிவால்வரின் ஆறு அறைகளில் நான்கில் மட்டும் தோட்டா போட்டு, எது நிறைந்தது, எது காலி என்று எனக்குத் தெரியாதபடி உருளையைத் திருப்பி வைத்து மூடிக் கையில் கொடுத்திருந்தார். சத்தத்துக்கும் உதைக்கும் பயந்த கை, அது வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு துப்பாக்கியை அமுக்குகிறது. நிறைந்த அறையில் இந்தக் குற்றம் தெரியாது, வெடிச்சத்தம் மூடி மறைத்துவிடும். காலி அறையில் கையும் களவுமாகப் பிடிபட்டுவிடுவோம்.

ரிவால்வரையும் பிஸ்டலையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே கையால் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மாவட்டத் தலைநகர் ஒன்றின் ரைஃபிள் கிளப்பில் அது கைகூடியது. சொல்லிக்கொடுத்தவர் காவல்துறையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றியிருந்த எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். மேசைமேல் இரண்டு ஆயுதங்கள். ஒன்று கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். இங்கிலாந்தின் வெப்லி மார்க் 4 துப்பாக்கியின் வழிவந்தது. கொண்டியைத் தள்ளினால் குழல் முன்பக்கமாக மடிந்து, ஆறு காலித் தோட்டாக்களையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்கும். மற்றது கிளப் உறுப்பினர் ஒருவரின் .32 பிஸ்டல்.

இரண்டும் .32 ஆக இருந்தது தற்செயல் அல்ல. 9 மில்லிமீட்டர், .38 போன்ற அளவுகள் நம் நாட்டில் படைக்கும் காவல்துறைக்கும் உரியவை, சாதாரண உரிமதாரருக்குத் தடை. ஆகவே இந்தியக் குடிமகனின் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32தான். ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் தோட்டாவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ரிவால்வருக்கு 1896இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பிஸ்டலுக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஜான் ப்ரௌனிங் வடிவமைத்த ஏ.சி.பி. முன்னதன் அடியில் அகலமான விளிம்பு உண்டு, அறையின் வாயில் அது தட்டி நிற்கும். பின்னதில் விளிம்பு ஒப்புக்குத்தான் இருக்கிறது.

முதலில் ரிவால்வர். விசையை இழுக்கும்போது அந்த ஒரே இழுப்பில் குதிரை பின்னால் எழ வேண்டும், உருளை ஓர் அறை சுழல வேண்டும், கடைசியில் குதிரை விழ வேண்டும். இத்தனைக்கும் கூலி கொடுப்பது ஆள்காட்டி விரல். இந்த வகைத் துப்பாக்கிகளில் அதற்கு நான்கைந்து கிலோ இழுப்பு தேவைப்படும். துப்பாக்கியின் எடையோ முக்கால் கிலோ அளவுதான். முக்கால் கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே அதைப் போல ஆறு மடங்கு பலத்தைச் செலுத்த வேண்டும். குறிமுள் அசையாமல் எப்படி இருக்கும்? பத்து மீட்டரில் நான் சுட்ட முதல் ஆறும் தாம்பாளம் அளவுக்குச் சிதறிக் கிடந்தன. ஒன்று அட்டையிலேயே இல்லை.

“இப்ப குதிரையைக் கட்டை விரலால ஏத்திட்டுச் சுடுங்க” என்றார் ஐயா. உருளை சுழல்வதும் குதிரை எழுவதும் முன்னமே முடிந்துவிடுவதால் விசைக்கு மிச்சம் இருப்பது விடுவிக்கும் வேலை மட்டுமே. தொட்டால் போதும் என்கிற மாதிரி. அடுத்த ஆறு ஓர் அதிரசத்துக்குள் அடங்கின. ஆள் அதே ஆள், துப்பாக்கி அதே துப்பாக்கி. மாறியது விரல்மீது இருந்த சுமை ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது 2014இல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ நினைவுக்கு வருகிறது. பெண்களுக்கான ரிவால்வர் என்று அறிமுகப்படுத்தினார்கள். டைட்டானியம் கலவை, அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். கைப்பைக்கு இலேசுதான், சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கி இலேசாக ஆக, உதை கூடும், விசையை இழுக்கையில் ஆட்டமும் கூடும். புதிதாகச் சுடுகிறவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான ஒன்று. எடையைக் குறைத்தவர்கள் இழுப்பைப் பற்றியும் யோசித்திருக்கலாம்.

அடுத்து பிஸ்டல். மேகசினைப் பிடியின் அடியில் செருகி, ஸ்லைடை ஒரு தடவை பின்னால் இழுத்து விட்டால் முதல் தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு உழைப்பெல்லாம் வெடிமருந்துடையது. வெடித்த வேகமே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, குதிரையை ஏற்றி வைக்கிறது. சுருள்வில் ஸ்லைடைத் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது. .32 ஏ.சி.பி. சாதுவான தோட்டா என்பதால் குழலைப் பூட்டி வைக்கும் ஏற்பாடுகூடத் தேவையில்லை, ஸ்லைடின் எடையும் வில்லுமே சமாளித்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பாட்டில் ப்ரௌனிங்கின் கைபடாத பகுதி குறைவு. அவர் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது 1911 மார்ச்சில். அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் பிஸ்டல்தான். நம் சினிமாவோ அதற்குப் பிறகும் வெகுகாலம் ரிவால்வரை விடவில்லை. வில்லனின் ஆறு குண்டு தீரும்வரை கதாநாயகன் மேசைக்கு அடியில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாமா?

பிஸ்டலைப் பிடித்ததுமே ஐயா என் கட்டை விரலை இடம் மாற்றினார். ஸ்லைடுக்குப் பின்னால் விரல் இருந்தால் தோல் உரிந்துவிடும். ரிவால்வரில் ஆபத்து வேறிடத்தில். உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு, கொதிக்கும் வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும். தாங்கிப் பிடிக்கும் கையின் விரல் அங்கே போகவே கூடாது. ஒன்றில் பழகிய பிடியை மற்றதற்கு அப்படியே கொண்டுபோனால் ரத்தம் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது.

சுடுவதற்குப் பிஸ்டல் சுகம். உதையைச் சுருள்வில் வாங்கிப் பகிர்ந்துகொள்கிறது. முதல் குண்டுக்கும் எட்டாவது குண்டுக்கும் இழுப்பு ஒன்றேதான். தட்டையாகக் கையில் படிகிறது. அட்டையைப் பார்த்தால் குண்டுகள் நெருக்கமாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் நடுவில் இல்லை, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் பக்கமாக. வலக்கைக்காரர் பயந்து அமுக்கினால் குண்டு போகும் இடம் அது. காலி அறையில் பிடிபட்ட அதே குற்றம் இங்கேயும் நடந்திருக்கிறது. சுடும்போது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஐந்தாவதோ ஆறாவதோ குண்டில் பிஸ்டல் நின்றுபோனது. காலித் தோட்டா ஒன்று வெளியே போகாமல் ஸ்லைடில் சிக்கி, ஓட்டு வீட்டுப் புகைக்கூண்டு மாதிரி நிமிர்ந்து நின்றது. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகாது, இப்படி ஆகும் என்றார் ஐயா. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து உதறினால் சரியாகிவிடுகிறது. ரிவால்வரில் இந்த வம்பு இல்லை. தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். சுடுதளத்தில் மட்டும் அப்படி உடனே இழுக்க விடமாட்டார்கள். தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அதற்காக ரிவால்வர் மக்கர் செய்யாது என்று சத்தியம் செய்யவும் முடியாது. தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரிந்த மருந்துத் துகள் சேர்ந்தால் உருளை இறுகிவிடும். “பிஸ்டல் மக்கர் பண்ணா நீங்களே சரி பண்ணிரலாம். இது மக்கர் பண்ணா என்கிட்டதான் வரணும்” என்று ஐயா சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேகத்தில் ரிவால்வர் பின்தங்கியது என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்கரான ஜெர்ரி மிக்யுலெக் 1999இல் ஆறு சுட்டு, தோட்டா மாற்றி, மறுபடி ஆறு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்டது 2.99 விநாடி. ஆனால் எல்லோரும் மிக்யுலெக் ஆகிவிட முடியாதே! நியூயார்க் காவல்துறை 1993இல் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. பழைய ரிவால்வரை விடமாட்டேன் என்றிருந்த கடைசி சிலர் 2018இல்தான் விட்டார்கள்.

போட்டிக் களத்தில் கதை விநோதமானது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசியப் போட்டியில் 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். இந்தப் போட்டியை இன்று ஆள்வது பிஸ்டல்கள். ஆனால் அவற்றில் பலவும் தின்பது பழைய ரிவால்வர் தோட்டாவான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கையே. மூக்கு மழுங்கிய குண்டு, அட்டையில் காகிதம் கிழியாமல் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளி எண்ண வசதி. தோட்டாவை மாற்றுவதைவிட அதற்கேற்ற பிஸ்டலைச் செய்துவிடுவது மேல் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

வாங்கினால் எது என்று யாராவது கேட்டால் பிஸ்டல் என்றுதான் சொல்வேன். கற்றுக்கொள்ள எது என்றால் ரிவால்வர், அதுவும் இரண்டு அறை காலியாக.

கிளம்பும் முன் காலித் தோட்டாக்களைக் கணக்குக் காட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ரிவால்வருடையவை கொத்தாக ஒரே டப்பாவில் இருந்தன. பிஸ்டலுடையவற்றை ஆளுக்கொரு மூலையாகக் குனிந்து பொறுக்கினோம். ஒன்று குறைந்தது. மணல்மேட்டின் ஓரம், மேசையின் அடி, பக்கத்துத் தடுப்பு என்று இருபது நிமிடம் தேடினோம். கடைசியில் அது என் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.