எழுத்தும் இருப்பும் – 11: ஓடும் கணக்கைப் படியெடுத்தல்

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்குக் கணக்குப் பொறுப்பு புதிதல்ல. உத்தம சோழனின் 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன்னை வாங்கிக்கொண்ட கூரம் முதலிய ஊரார் வட்டியாக அளக்க வேண்டிய நெல்லும் கோயில் செலவுகளும் அதில் உண்டு. அந்தக் கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பைக் காஞ்சிபுரத்து நெசவாளர் சேரியாரிடம் அரசன் ஒப்படைக்கிறான். கல்லில் முன்பே வெட்டியிருந்த முதலீடுகள் செம்பிலும் ஏறின. செப்பேட்டின் தொடக்கப் பகுதி இன்று இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. படி எடுத்ததைவிட, அதிலிருந்து திருப்பி எழுதிக் காட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அங்கே கட்டட வேலை முடியும்வரை சுவர் காத்திருக்கலாம். ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் டேட்டாபேஸ் காத்திருக்க முடியாது. தறிக்காரருக்குப் பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுத்ததும் சங்கத்தின் இருப்பில் கழிக்க வேண்டும், அவர் பெயரில் பற்று எழுத வேண்டும். சேலை வந்தால் எடை பார்த்து வரவு, பிறகு கூலி. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பற்று ஒரு நிமிடத்தினுடையதாகவும் வரவு வேறொரு நிமிடத்தினுடையதாகவும் இருக்கும். நெய்து கொடுத்துவிட்ட பட்டு அவர் தலையில் கடனாக நிற்கும். அந்தக் கணக்கில் கூலி பிடித்தால் யாரிடம் போய் நிரூபிப்பார்?

இதற்கு வழி உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் நகலெடுக்கும் கருவியான பிஜி-டம்ப், தான் தொடங்கிய கணத்தின் நிலையை மட்டுமே கடைசிவரை பார்க்கும். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கும் இதே வசதி இருக்கிறது. இன்னொரு முறையில், ஒவ்வொரு மாற்றமும் முதலில் பதிவாகும் லாகையும் தொடர்ந்து வெளியே சேமிக்கிறார்கள். கோப்புகளின் அடிப்படை நகல் ஒன்றும் அதன் பிறகான லாகும் கையில் இருந்தால், நேற்று மாலை 4:10-க்கு இருந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

ரெப்ளிகா வேறு. அந்த லாகை உடனுக்குடன் வாங்கி இரண்டாவது சர்வர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதல் சர்வர் எரிந்துபோனால் வேலையைத் தொடரும். ஆனால் தவறுதலாக ஒரு தறிக்காரரின் கணக்கை அழித்தால் அந்த அழிப்பும் அடுத்த நொடி அங்கே போய்விடும். ரெப்ளிகா இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்பவர்களிடம் கணக்கை ஒப்படைக்கக் கூடாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிய ரெப்ளிகாவைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பிஜி-டம்ப்பின் பதிப்பு பொருந்தாததால் தினசரி பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் போனதுதான்.

சங்கங்களுக்கு நான் சொல்வது இது. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றுங்கள். சில தறிக்காரர்களை அழைத்து, அவர்கள் கையிலுள்ள ரசீதின் பட்டு எடையோடு திரையிலுள்ள எடையை ஒப்பிடுங்கள். கிராம் பிசகினால், அடுத்த கூலிப் பட்டுவாடாவுக்கு முன்பே காரணத்தைத் தேடுங்கள்.