மனையா, பங்குக் குறியீட்டு நிதியா?



வெளிநாட்டில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை, பணி ஓய்வில் கிடைத்த தொகையை மனையில் போடுவதா, பங்குக் குறியீட்டு நிதியில் போடுவதா என்று பலர் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்கிறார்கள். எது அதிகம் பெருகும் என்பதே அவர்களின் கவலை. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: அது ஹலாலா? தேவைப்படும் நாளில் கைக்கு வருமா? ஜகாத்தையும் வாரிசுகளின் பங்கையும் முறையாகக் கொடுக்க முடியுமா?

ரொக்கத்துக்கு மனை வாங்க மார்க்கத்தில் தடையில்லை. வங்கிக் கடனில் வாங்கினால் வட்டி கூடவே வருகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு. 20 லட்ச ரூபாய் மனைக்கு இதுவே 1,80,000 ரூபாய். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றோடு, அது வக்ஃபு நிலமா என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு சகோதரர் தம் சேமிப்பு முழுவதையும் ஊருக்கு வெளியே இரண்டு மனைகளில் போட்டிருந்தார். திடீரென அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. மனை விலை போகவில்லை; கேட்டவர்கள் பாதி விலைக்குக் கேட்டார்கள். மனைவியின் நகை வட்டிக் கடைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கர்ளே ஹஸனா கொடுத்து நகையை மீட்டோம். சொத்து இருந்தும் அந்தக் குடும்பம் வட்டியில் விழுந்தது. மனையைத் துண்டு போட்டு அவசரத்துக்கு விற்க முடியாது.

குறியீட்டு நிதி என்பது ஒரு பட்டியலில் உள்ள கம்பெனிகளின் பங்குகளை அந்தப் பட்டியலின் விகிதப்படியே வாங்கி வைக்கும் நிதி. சிறு தொகையிலும் சேரலாம். விற்றால் சில நாட்களில் பணம் வரும். ஆனால் நிஃப்டி 50 பட்டியலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதித் துறையைச் சேர்ந்தது. ஆகவே சாதாரண நிஃப்டி நிதி நமக்குப் பொருந்தாது. வட்டித் தொழில், மது, புகையிலை போன்றவற்றையும், வட்டிக் கடன் அதிகமுள்ள கம்பெனிகளையும் நீக்கிய நிஃப்டி 50 ஷரீஆ குறியீடு தனியாக உண்டு. அதைப் பின்பற்றும் ஷரீஆ பீஸ் என்ற நிதி 2009 முதல் இருக்கிறது; வாங்க டீமேட் கணக்கு வேண்டும். இதில் கம்பெனிகள் குறைவு என்பதால், ஒரு துறை சரிந்தாலும் அடி பலமாக விழும்.

சந்தையும் சரியும். 2008 ஜனவரியில் 6,000-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபரில் 3,000-க்குக் கீழே இறங்கியது. பயந்து விற்றவர்களுக்கு நஷ்டம், காத்திருந்தவர்கள் மீண்டார்கள். எனவே ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் கல்யாணப் பணத்தை அங்கே வைக்காதீர்கள்.

இனி ஜகாத். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகை வீட்டின் மதிப்புக்கும் இல்லை. சேர்ந்திருக்கும் வாடகைப் பணத்துக்கு உண்டு. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கிய மனையோ வியாபாரப் பொருள். 20 லட்சம் மதிப்பிருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஜகாத். இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நிதி அலகுகளுக்குக் கணக்கிடும் முறையில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சந்தை மதிப்பில் 2.5 விழுக்காடு கொடுப்பது பேணுதலானது.

கடைசியாக, வாரிசுரிமை. தகப்பனார் மவுத்தான பின் நிலம் ஆண் பிள்ளைகளின் கையில் தங்கிவிடுகிறது. "பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லிலேயே சகோதரிகளின் பங்கு ஆண்டுக்கணக்கில் நின்றுபோகிறது. அது அல்லாஹ் விதித்த பங்கு. அண்ணன் தம்பிகளின் தயவு அல்ல. நிதி அலகுகளைக் கணக்கிட்டுப் பிரிப்பது எளிது. அங்கும் நாமினி என்பவர் பொறுப்பாளரே. வாரிசுகளின் பங்கு அவருக்குச் சொந்தமாகிவிடாது.

எங்கள் யோசனை இதுதான். முதலில் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு. அடுத்து, வட்டியில்லாமல் முடிந்தால் குடியிருக்க ஒரு வீடு. மிஞ்சியதை முழுவதும் ஒரே இடத்தில் போடாமல் பிரித்து வையுங்கள். போடும் முன் ஓர் ஆலிமிடமும், விவரம் தெரிந்த ஒருவரிடமும் கேளுங்கள். என்னென்ன எங்கே இருக்கிறது என்று எழுதி, மனைவிக்கும் மகள்களுக்கும் தெரியச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.