மாதச் சந்தாவும் ஒரு மண்வெட்டியும்

மலையகத்தில், புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில் சாவு விழுந்துவிட்டால், அந்த வீட்டார் யார் வாசலிலும் போய்க் கேட்டு நிற்பதில்லை. பொழுது ஏறுவதற்குள் பந்தலுக்கான தகரமும் கம்பங்களும் வந்து இறங்கும். கதிரைகள் வரும், தேநீருக்கு அண்டா வரும், கூடவே சீனியும் தேயிலைத் தூளும் வரும். நாலு பேர் மண்வெட்டியும் அலவாங்குமாக மயானத்துக்குப் புறப்படுவார்கள். சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல வேறு இரண்டு பேர். வெளியூர்க்காரர் பார்த்தால் “என்ன ஒற்றுமை!” என்று வியந்துவிட்டுப் போவார். ஒற்றுமைதான். ஆனால் அந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு கொப்பி இருக்கிறது.

மரணாதார சங்கத்தின் கொப்பி அது.

இலங்கையில் சிங்களக் கிராமமானாலும் தமிழ்த் தோட்டமானாலும் இப்படியொரு சங்கம் இல்லாத இடம் அரிது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர். மாதாமாதம் சிறு சந்தா. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். சட்டதிட்டங்கள் சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும். ஆனாலும் எங்கும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் யாருடைய சாவு சங்கத்தின் பொறுப்பு? புருஷன், பெண்சாதி, கல்யாணமாகாத பிள்ளைகள், பெற்ற தாய் தகப்பன் வரை தகராறு வராது. மாமனார் மாமியாரைச் சேர்ப்பதா என்று கேட்டால்தான் கூட்டம் சூடு பிடிக்கும். கட்டிக் கொடுத்த மகள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டாள், இனி அவள் எந்தச் சங்கத்தின் கணக்கு? இதையெல்லாம் அவர்களே பேசி, அவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

புதிதாகச் சேருகிறவர் சில மாதம் சந்தா கட்டிய பிறகுதான் உதவித்தொகைக்கு உரிமை பெறுவார் என்ற விதி பல சங்கங்களில் உண்டு. கேட்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தோன்றும். அது இல்லாவிட்டால், வீட்டில் கிழவர் படுத்த படுக்கையான பிறகு சங்கத்தில் பேர் கொடுப்பவர்களே அதிகமாவார்கள். வருஷக்கணக்காகக் கட்டியவர்களின் பணம் ஒரே மழைக்காலத்தில் கரைந்துவிடும். பெரிய காப்புறுதிக் கம்பனிகள் தனிச் சொல் வைத்துப் பேசும் இந்தச் சிக்கலை லயத்துப் பொருளாளர் அனுபவத்தில் கண்டு அடைத்து வைத்திருக்கிறார்.

பணத்தைவிடக் கனமான கடமை இன்னொன்று. குழி வெட்டும் முறை வந்தால் வீட்டுக்கு ஒருவர் போயாக வேண்டும். போகாவிட்டால் முதல் தடவை ஒரு சொல், அடுத்த தடவை அபராதம், அதற்கும் மசியாவிட்டால் பேரை எடுத்துவிடும் பேச்சு. சந்தா கட்டினாரா இல்லையா என்பது கொப்பியைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். மழையில் நின்று மண் அள்ளிப் போட்டாரா என்பது தோட்டத்துக்கே தெரியும். சங்கத்தைத் தாங்கி நிறுத்துவது இந்த இரண்டாவதுதான்.

இப்படித் தாங்களே விதி வகுத்து நடக்கும் கூட்டங்களை எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்க அறிஞர் சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் நாட்டு வாய்க்கால், ஜப்பானியக் கிராமக் காடு என்று தேடிப் படித்தவர். மேலிருந்து யாரும் அதட்டாமலே தலைமுறை தலைமுறையாக நிலைத்த கூட்டங்களுக்குப் பொதுவாக எட்டு இலக்கணங்களை 1990இல் வெளியான நூலில் வகுத்தார். உள்ளே யார், வெளியே யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதியை மாற்றும் பேச்சில், அதற்குக் கட்டுப்படுகிறவர்களுக்கும் இடம் வேண்டும். கண்காணிப்பவர் அவர்களுக்குள் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருக்க வேண்டும். தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். இப்படிப் போகிறது அவர் பட்டியல். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற பெண் அவர். லயத்துக் கொப்பியை அவர் கையில் கொடுத்திருந்தால் பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டியிருப்பார்.

மலையகத்தில் கூட்டம் என்றாலே இப்படித்தான் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1841இல் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினர்களான வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் காணி வாங்கிக் கோப்பி போட்டார்கள். ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்திலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தது அவர்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கூட்டமாக. ஊர், சாதி, உறவு, எல்லாவற்றுக்கும் மேலே முன்பணக் கடன். கூட்டத்துக்குள் வருவது சுலபம். வெளியேறத் ‘துண்டு’ வேண்டும். கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தக் காகிதத்துக்குப் பணம் கொடுத்துத்தான் அடுத்த தோட்டம் ஆளை எடுக்கும். கடன் ஆளோடு நகர்ந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. உறுப்பினர் தன் விருப்பப்படி விலக முடியாத கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

தானாகப் பேர் கொடுத்துச் சேரும் சங்கம் மலைக்கு வந்தது அதற்கடுத்த இருபது ஆண்டுகளில். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கம் பதியலாம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத் துரையிடம் குறை சொல்லக் கங்காணியைத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, தாங்கள் தெரிந்தெடுத்த தலைவரை அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு அந்த மனிதர்கள் கொடுத்த விலை அவ்வளவு பெரியது. இன்று தோட்டத்துக்குத் தோட்டம் சங்கத் தலைவர் இருப்பதை ஒரு சம்பிரதாயமாக நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தொழிற்சங்கச் சந்தா நீண்டகாலமாகப் பெரும்பாலும் சம்பளத்திலேயே கழிந்துவந்தது. கோயில், மரணாதார சங்கம் ஆகியவற்றின் காசையும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே வெட்டிக்கொள்ளும் தோட்டங்கள் உண்டு. வசதியான ஏற்பாடு, நிலுவை நிற்காது. ஆனால் பொருளாளர் படியேறி வந்து காசு வாங்கும்போது கணக்குக் கேட்கவும் கை நீளும், குறை சொல்லவும் வாய் திறக்கும். சம்பளத் துண்டில் ஒரு வரியாகச் சுருங்கிய சந்தாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேள்வி கேட்பது நின்றுபோன சங்கத்தில் கணக்குப் பிசகினால் தெரியவரவே நாளாகும்.

கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல் வந்தது. சங்கக் கூட்டத்துக்கோ இன்றைக்கும் வீட்டின் சார்பில் ஆண்தான் அதிகம் போகிறார். பெண்கள் தங்களுக்குள் நடத்துவது சீட்டு. சாட்சிக் கையெழுத்து இல்லை, பதிவு இல்லை. ஒருத்தி கட்டாமல் விட்டால் சீட்டுப் பிடிக்கிறவர் தன் கையிலிருந்து போட்டு அடைப்பார். பணம் கையாளத் தெரிந்தவர் யார் என்று தோட்டத்தில் கேட்டால் அந்த அக்காமாரைத்தான் காட்ட வேண்டும்.

இப்போது சங்கங்களை உரசிப் பார்ப்பது ஆளில்லாத வீடுகள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன், மத்திய கிழக்கில் வேலை பார்க்கும் மகள். சந்தா தவறாமல் வந்துவிடுகிறது, மண்வெட்டி வருவதில்லை. முறை வரும்போது வயதான அப்பா போய் நிற்கிறார். காசு கட்டினால் முறையிலிருந்து விலக்குத் தரலாம் என்பது ஒரு கட்சி. அப்படிச் செய்தால் வசதியில்லாத வீடுகளே எல்லாருக்கும் குழி வெட்ட நேரும் என்பது மறு கட்சி. இரண்டாவது பேச்சில் நியாயம் அதிகம். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. சாவு வீட்டில் இராத் தூக்கமில்லாமல் அடுப்படியில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றுவது பக்கத்து வீட்டுப் பெண்கள். அந்த உழைப்புக்குக் கொப்பியில் பத்தி கிடையாது. அதையும் வீட்டு முறையாக எழுதிக்கொண்டால், ஆம்பிளைப் பிள்ளை ஊரில் இல்லாத எத்தனையோ வீடுகளின் முறை அன்று இரவே தீர்ந்துவிடும்.