மண்ணை அறிந்தால்தான் குழாய் நகரும்

சாலையை வெட்டாமலேயே அதன் அடியில் எஃகுக் குழாயைப் பதிக்க முடியும். ஜொகூரில் கட்டுமானப் பொறியியல் பயிலும் எனக்கு, இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேர உணர்த்தியது இந்தியாவின் உத்தராகண்டில் நடந்த ஒரு மீட்புப் பணி.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். சாலையோரம் குழி தோண்டி இயந்திரத்தை இறக்குவார்கள். குழாய்க்குள் சுழலும் ‘ஆகர்’ எனும் நீண்ட திருகு, முன்னால் உள்ள மண்ணை அரிந்து பின்னால் கொண்டுவரும். அதே வேளையில் இயந்திரம் குழாயை முன்னே உந்தும். ஒரு குழாய் உள்ளே போனதும் அடுத்த குழாயை அதனோடு பற்றவைப்பார்கள்.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள். சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். வெளியே வரும் வழியைச் சுமார் 60 மீட்டர் இடிபாடு அடைத்திருந்தது. அதன் ஊடே 900 மில்லிமீட்டர் குழாயை உந்தினர். சுமார் 22 மீட்டரில் அது தடைபட்டது. அதற்குள்ளேயே 800 மில்லிமீட்டர் குழாயைச் செருகித் தொடர்ந்தனர். நவம்பர் 20-இல் தனியாக ஒரு 6 அங்குலக் குழாய் மறுபக்கம் சென்றது; அதன் வழியே சூடான உணவு போனது. தமிழகத்தின் திருச்செங்கோட்டில் தயாரான துளையிடும் இயந்திரமும் இம்மீட்பில் துணைநின்றது.

சுமார் 47 மீட்டரில் ஆகர், இடிபாட்டில் புதைந்திருந்த இரும்புச் சட்டங்களில் சிக்கி உடைந்தது. மண்ணை அரியும் திருகால் இரும்பை அரிய முடியாது. உடைந்த பாகங்களை வெட்டி அகற்றிய பின், ‘எலிவளை’ச் சுரங்கத் தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்து சென்று கையால் தோண்டினர். அவர்கள் தோண்டத் தோண்ட, இயந்திரம் குழாயை உந்தியது. நவம்பர் 28 இரவு 41 பேரும் உயிருடன் வெளியே வந்தனர். ஆபத்தானது என்று மேகாலயா நிலக்கரிச் சுரங்கங்களில் 2014-இல் தடை செய்யப்பட்ட வேலைமுறைதான் இங்கு உயிர்காத்தது.

நம் ஜொகூர் மண்ணும் எளிதானதல்ல. கரையோரங்களில் மென்மையான கடல் களிமண். பொந்தியான் பக்கம் கரிமண். உட்பகுதிகளில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறை உருண்டைகள். இளகிய களிமண்ணில் குழாயின் முனை கீழே தாழும். பாறையில் மோதினால் திசை மாறும். அதனால்தான் வேலைக்கு முன்பே துளையிட்டு மண் மாதிரி எடுத்து, அதற்கேற்ற இயந்திரத்தைத் தேர்கிறார்கள்.

பொறியியல் துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளே, கணிதத்தோடு மண்ணையும் பாறையையும் பற்றிப் படியுங்கள். மண்ணாய்வுக்குச் செலவிடும் சில நாள்கள், பாதி வழியில் நின்றுபோகும் குழாயைத் தவிர்க்கும். உள்ளே இறங்கும் தொழிலாளியின் உயிரையும் காக்கும்.