உஷார்! "பெரியவங்களுக்குப் பாதி டிக்கெட்" என்று யாராவது சொன்னார்களா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெரியவர்களே, இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள். ரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை இப்போது கிடையாது. கிடையவே கிடையாது! கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 20-ஆம் தேதி நிறுத்தினார்கள். இதை எழுதும் வரை திரும்ப வரவில்லை. முன்பு 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கழித்தார்கள். அந்த ஞாபகத்திலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். "மறுபடி கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் உடனே நம்பியும் விடுகிறார்கள்.

நம்பினால் என்ன ஆகும்? கேளுங்கள்.

செங்கம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்த ஒரு அம்மா. வயது அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். மதுரைக்குத் திரும்ப டிக்கெட் வேண்டும். ஸ்டேஷன் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது, வெயிலில் யார் போவது என்று, தெரிந்தவர் ஒருவர் காட்டிய ஆளிடம் பணத்தைக் கொடுத்தார். "பெரியவங்களுக்குப் பாதி டிக்கெட்தாம்மா, நான் பார்த்துப் போடறேன்" என்றார் அந்த ஆள். போனில் வந்தது ஒரு படம். அதில் அவர் பெயர், பெட்டி எண், படுக்கை எண். அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் வெட்டப்பட்டிருந்தது. அந்த அம்மாவுக்கு அது உறைக்கவில்லை.

விழுப்புரம் தாண்டி டி.டி.ஆர். வந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "உங்ககூட வர்றவர் எங்கேம்மா?" என்றார். யாரும் வரவில்லையே என்றார் இவர். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த டிக்கெட்டில் இரண்டு பெயர்கள். முதல் பெயர் முன்பின் தெரியாத ஒரு மாற்றுத்திறனாளி. இந்த அம்மா அவருக்குத் துணையாள்! மாற்றுத்திறனாளியோடு துணைக்குப் போகிறவருக்கும் ரயில்வே சலுகை கொடுக்கிறது. அந்த வழியில் இவரை நுழைத்துவிட்டிருக்கிறார்கள். சலுகைக்கு உரியவர் வண்டியிலேயே இல்லை. அப்புறம் துணையாள் சீட்டு எப்படிச் செல்லும்?

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முழுக் கட்டணம், அதற்கு மேல் அபராதம். பர்ஸில் இருந்தது போதவில்லை. எதிர் சீட்டில் இருந்த குடும்பம் கொடுத்து உதவியது. அந்த அம்மாவுக்குப் பணம் போனதை விட, இன்னொருவரின் ஊனத்தைக் காட்டி ஏமாற்றியவர் என்று தன்னை நினைத்துவிட்டார்களே என்பதுதான் ஆறவில்லை. அவர் மேல் என்ன தப்பு? கேட்காமல் விட்டதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். சலுகைக்கான அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் உங்களை டிக்கெட் இல்லாதவராகவே நடத்துவார்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 138-வது பிரிவு. முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கூடவே அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. கட்டணம் 400 என்றால் 800 போய்விடும். ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்ததாக முடிவானால் 137-வது பிரிவு. அது ஆறு மாதம் வரை சிறைக்குக் கொண்டுபோகும் பிரிவு! "எனக்குத் தெரியாது சார்" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதே வார்த்தையைத் தெரிந்தே செய்தவரும் சொல்கிறாரே. டி.டி.ஆர். எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

இனி எதைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன்.

முழு டிக்கெட்டைக் காட்டாமல் பி.என்.ஆர். எண்ணையும் படுக்கை எண்ணையும் மட்டும் அனுப்பினால், உஷார். அந்தப் பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை வைத்துக்கொண்டு ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போடலாம், கவுன்ட்டரிலும் விசாரிக்கலாம். எத்தனை பேருக்குப் போட்ட டிக்கெட் என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாத ஒருவர் அதில் இருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

வயதைக் கூட்டிப் போடுகிறேன் என்றால், உஷார். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. கீழ்ப் படுக்கைக்கு 'சீனியர் சிட்டிசன்' ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. அது படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டுமே. கட்டணத்தில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. அந்தப் பெயரைக் காட்டித்தான் "சலுகை இருக்கு" என்று மயக்குகிறார்கள்.

மருத்துவச் சான்றிதழை "எதுக்கும் பயன்படுத்திக்கலாம்" என்றால், உஷார். வேலூரில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிகள், இதய நோயாளிகள் நம் ஸ்டேஷன் வழியாகக் காட்பாடிக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை சிகிச்சைக்குப் போய்வர மட்டும்தான். அதைக் கிரிவலத்துக்கோ கல்யாணத்துக்கோ எடுத்தால் மாட்டுவீர்கள்.

பேரப்பிள்ளைகளோடு வருகிறவர்களும் கவனியுங்கள். 12 வயது முடிந்த பிள்ளைக்கு அரை டிக்கெட் கிடையாது. முன்பதிவுப் பெட்டியில் தனிப் படுக்கை கேட்டால், 2016 ஏப்ரல் முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கும் முழுக் கட்டணம்தான். பையனை "பதினொண்ணுன்னு சொல்லு" என்று பழக்கி அழைத்துப் போகாதீர்கள்.

1896-இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட வேங்கடராமன், அதாவது பின்னாளைய ரமண மகரிஷி, விழுப்புரத்தில் கையில் மிஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரைக்குத்தான் போதும் என்று தெரிந்ததும் அதுவரைக்கே டிக்கெட் வாங்கினார். மாம்பழப்பட்டிலிருந்து நடந்தார். அவரைத் தேடி வருகிற நம்மிடம் பொய்ச் சீட்டைத் திணிக்கிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, மாட்டிக்கொண்டால்?

முதலில், பொய் சொல்லாதீர்கள். வேறு யாருடைய அட்டையையும் எடுத்து நீட்டாதீர்கள். கழிவறைக்குள் ஒளியாதீர்கள். சங்கிலியை இழுக்காதீர்கள், அது தனிக் குற்றம். நடந்ததைச் சொல்லுங்கள், கட்ட வேண்டியதைக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்! பணம் இல்லை என்றால் வீட்டுக்குப் போன் போடுங்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு விஷயம். இதை மனப்பாடம் செய்யுங்கள். பணம் கட்ட முடியாதவரை வண்டியிலிருந்து இறக்க அதிகாரம் உண்டு. ஆனால் ஆண் துணை இல்லாத பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்க முடியாது. நீங்கள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் இடம், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில்தான். 139-வது பிரிவு. நடுராத்திரியில் "இறங்கும்மா" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உடனே 139-க்கு அழையுங்கள். பிரிவு எண்ணும் உதவி எண்ணும் ஒன்றேதான், மறக்காது.

ஊர் போய்ச் சேர்ந்ததும், பொய்ச் சீட்டு எடுத்துக் கொடுத்த ஆளைச் சும்மா விடாதீர்கள். அவர் அனுப்பிய படம், நீங்கள் பணம் அனுப்பிய விவரம், அபராத ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு ரயில்வே பாதுகாப்புப் படையிடம் போங்கள். அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்து விற்பது 143-வது பிரிவில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டால், அடுத்த பௌர்ணமிக்கு வருகிற இன்னொரு அம்மாவுக்கும் அதே படம்தான் போகும்.